வாகனக் கம்பனி வங்குரோத்தானால் உத்தரவாதம் என்னவாகும்? வன்னியில் வாகனம் வைத்திருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னர் வவுனியாவிலிருந்து பரந்தன் வரையான ஏ-9 வீதியில், நாம் முன்பு கண்டிராத இலச்சினைகளுடன் கார்கள் ஓடுகின்றன. வாங்க வருபவர் விலையைக் கேட்கிறார், ஒரு தடவை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்கிறார், பற்றறிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் என்று சொன்னதும் மனம் ஆறிக் கையெழுத்திடுகிறார். அந்த 8 ஆண்டுகளும் அந்த வாக்கைக் கொடுத்தவர் இருப்பாரா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது ‘வங்குரோத்து’ என்ற சொல் நம் வீட்டு வாசல்வரை வந்தது. அந்தச் சொல் ஒரு வாகனக் கம்பனிக்குப் பொருந்தும் நாளில் நம் கையில் இருக்கும் உத்தரவாதப் பத்திரத்துக்கு என்ன நடக்கும், நாம் எந்த ஒழுங்கில் எதைச் செய்யவேண்டும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதற் படி: வாக்குக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள்

மல்லாவியில் இருக்கும் என் மைத்துனர் சில ஆண்டுகளுக்கு முன்னர் நெல்லும் மரக்கறியும் ஏற்றுவதற்காக ஒரு சிறிய லொறியைப் புதிதாக வாங்கினார். பதினான்காம் மாதத்தில் கியர்பெட்டி உடைந்தது. உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால், விற்ற கடை பூட்டியிருந்தது. லொறியைத் தயாரித்த கம்பனியோ நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பத்திரத்தில் இருந்தது அந்தக் கடையின் முத்திரை மாத்திரமே. தயாரிப்பாளரின் பெயர் எங்குமே இல்லை. அன்றுதான் அந்தத் தாளை எங்கள் குடும்பத்தில் எவருமே முழுமையாக வாசித்திருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு போக வருமானம் அந்தத் திருத்தத்துக்குப் போனது.

ஆகவே இன்றே பத்திரத்தை எடுத்து, வாக்களிப்பவர் யார் என்று தேடுங்கள். பொதுவாக நால்வரில் ஒருவர் இருப்பார். முதலாமவர் வெளிநாட்டுத் தயாரிப்பாளர். இரண்டாமவர், பெரும்பாலும் கொழும்பில் தலைமையகத்தைக் கொண்டுள்ள உள்நாட்டு முகவர். இலங்கையில் புதிய வாகனங்களுக்கான உத்தரவாதம் பெரும்பாலும் இவருடைய கடிதத் தலைப்பிலேயே வரும். மூன்றாமவர், யப்பானிலிருந்து பாவித்த வாகனங்களை இறக்கி விற்கும் வியாபாரி. இவ்வாறு வந்த விட்ஸ், வாகன்ஆர் போன்றவற்றுக்கு யப்பானியக் கம்பனி இங்கே பொறுப்பேற்காது, வியாபாரி சொல்லும் ஆறு மாதமோ ஒரு வருடமோ அவருடைய சொந்த வாக்கு மாத்திரமே. நான்காமவர், மேலதிகக் கட்டணம் பெற்று நீடித்த உத்தரவாதம் விற்கும் தனி நிறுவனம் அல்லது காப்புறுதி நிறுவனம். வெளிநாட்டில் தயாரிப்பாளர் விழுந்தாலும் முகவரின் கையெழுத்து இருந்தால் முகவரின் பொறுப்பு தானாக அற்றுப்போகாது. தயாரிப்பாளரிடமிருந்து பணமும் உதிரிப்பாகமும் வராத நிலையில் அதை நிறைவேற்ற அவருக்கு வலு இருக்குமா என்பது வேறு கேள்வி. பத்திரத்தில் ‘தயாரிப்பாளர் ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில்’ என்ற பொருளில் ஏதாவது வரி இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். அந்த ஒரு வரி முகவரை வெளியே நிறுத்திவிடக்கூடும்.

இரண்டாம் படி: என்ன வகை வீழ்ச்சி என்று பிரித்தறியுங்கள்

வங்குரோத்து என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு முடிவுகள் அடங்கியுள்ளன. கம்பனி நீதிமன்றத்தின் பாதுகாப்பில் கடனைச் சீரமைத்துத் தொடர்ந்து இயங்குவது ஒன்று. சொத்துகள் விற்கப்பட்டுக் கம்பனி கலைக்கப்படுவது இன்னொன்று. உலக வரலாற்றில் இரண்டுக்கும் தெளிவான உதாரணங்கள் உண்டு, அவற்றை அறிந்துவைத்திருப்பது வதந்தியால் கலங்காதிருக்க உதவும்.

2009 ஏப்ரல் 30இல் கிறைஸ்லரும் ஜூன் 1இல் ஜெனரல் மோட்டர்ஸும் அமெரிக்க நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரின. அதற்கு முன்னதாகவே, மார்ச் 30இல், இவ்விரு கம்பனிகளின் புதிய கார்களுக்கான உத்தரவாதத்துக்கு அரசாங்கம் பின்னால் நிற்கும் என்று ஜனாதிபதி ஒபாமா அறிவித்திருந்தார். அதற்காகச் சுமார் 640 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டு, கம்பனிகள் மீண்டெழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. புதிதாக உருவான ஜெனரல் மோட்டர்ஸ், பழைய கம்பனியின் உத்தரவாதங்களைத் தானே ஏற்றுக்கொண்டது. இதற்கு வாடிக்கையாளர் மீதான இரக்கம் காரணமன்று. உத்தரவாதம் அற்றுப்போகும் என்ற செய்தி பரவினால் மறுநாள் ஒருவரும் புதுக் கார் வாங்கமாட்டார், கார் விற்காவிட்டால் மீட்பதற்கு எதுவுமே மிஞ்சாது. தொடர்ந்து விற்க எண்ணுபவர் பழைய வாக்கைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்ற இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், எந்த வீழ்ச்சியில் உத்தரவாதம் பிழைக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம்.

நமக்கு நெருக்கமான உதாரணம் கொரியாவின் சங்யோங். இலங்கையில் மைக்ரோ நிறுவனத்தின் ஊடாக விற்கப்பட்ட ரெக்ஸ்டன், கைரோன் போன்ற வாகனங்களைத் தயாரித்த இந்தக் கம்பனி 2009 ஜனவரியில் நீதிமன்றப் பாதுகாப்புக்குள் சென்றது. 2011இல் மஹிந்திராவின் கைக்கு வந்தது; 2020 டிசம்பரில் மீண்டும் அதே நிலைக்கு வீழ்ந்தது; 2022இல் கேஜி குழுமம் வாங்கியது; 2023இலிருந்து கேஜி மொபிலிட்டி என்ற பெயரில் இயங்குகிறது. இரண்டு தடவை விழுந்தும் ஆலை மூடப்பட்டு அழியவில்லை.

கலைக்கப்பட்ட கம்பனிகளின் கதை வேறு. வன்னியின் மூத்தவர்களுக்கு மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிஜையும் அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. போரின்போது எரிபொருள் தடை இருந்த காலத்தில் பெற்றோலைச் சில துளி விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டி, நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தவை அந்தக் கார்கள்தான். அவற்றின் பரம்பரை பிரித்தானிய லேலண்ட், றோவர் என்று பல கைமாறி, இறுதியில் எம்ஜி றோவர் என்ற பெயரில் 2005 ஏப்ரலில் முறிந்தது. 1905 முதல் ஒஸ்ரின் இயங்கிய லோங்பிறிட்ஜ் ஆலை மூடப்பட்டு, 6,000 பேருக்கு மேல் வேலையிழந்தனர். தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை நம்பிப் புதுக் கார் வாங்கியிருந்தவர்கள் கைவிடப்பட்டனர். ஆயினும் உதிரிப்பாக விநியோகம் அதற்கு முன்னரே வேறொரு நிறுவனத்திடம் கைமாறியிருந்ததால் கார்கள் வீதியில் தொடர்ந்து ஓடின. எம்ஜி என்ற பெயர் இன்று ஷாங்ஹாயின் எஸ்ஏஐசி குழுமத்துக்குச் சொந்தம். 2005க்கு முன் விற்ற கார்களின் வாக்கை அந்தப் பெயர் தன்னோடு எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆகவே பழைய இலச்சினையைப் புதிய காட்சியறையில் காண்பதை வைத்து, பழைய கடப்பாடும் அங்கே இருக்கிறது என்று எண்ணவேண்டாம்.

சுவீடனின் சாப் 2011 டிசம்பரில் வங்குரோத்தானபோதும் உதிரிப்பாகக் கம்பனி தனியாக நின்று பிழைத்தது. 2024 ஜூனில் வீழ்ந்த அமெரிக்க மின்சாரக் கார்க் கம்பனியான ஃபிஸ்கருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அது கலைக்கப்பட்டது, உத்தரவாதத்தைப் பொறுப்பேற்க எவரும் முன்வரவில்லை, உரிமையாளர்கள் தாமே சங்கம் அமைத்து உதிரிப்பாகங்களையும் மென்பொருளையும் தேடவேண்டியதாயிற்று.

மூன்றாவதாக, தயாரிப்பாளர் நலமாக இருக்க, விநியோகத்தர் மாத்திரம் விழுவதும் உண்டு. அமெரிக்காவில் சுசுகியின் விநியோகக் கம்பனி 2012 நவம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கார் விற்பனை நின்றது, யப்பானியத் தாய்க் கம்பனி பின்னால் இருந்ததால் உத்தரவாதமும் உதிரிப்பாகமும் தொடர்ந்தன. இந்தியாவில் ஃபோர்ட் 2021இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது பழைய வாடிக்கையாளருக்கான சேவை தொடரும் என்றது. இலங்கையில் ஒரு முகவர் விலகினால், அடுத்த முகவர் பழைய வாகனங்களையும் பொறுப்பேற்கிறாரா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இருக்கவேண்டாம்.

மூன்றாம் படி: வதந்தி வந்தவுடன் செய்யவேண்டியவை

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான், ஏனெனில் கம்பனி விழுந்த பின்னர் செய்யக்கூடியது குறைவு, விழுவதற்கு முன்னுள்ள சில மாதங்களில் செய்யக்கூடியது அதிகம். உதிரிப்பாகம் வருவதற்கு ஆகும் நாட்கள் கூடிக்கொண்டே போவது, காட்சியறைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவது, அனுபவமுள்ள மெக்கானிக்குகள் விலகிப்போவது, திடீரென நம்பமுடியாத விலைக்கழிவு அறிவிக்கப்படுவது ஆகியவை பொதுவான அறிகுறிகள்.

அவ்வாறு தெரிந்தால் வாகனத்தில் உள்ள சிறுசிறு குறைகளையெல்லாம், ‘அடுத்த சேர்விசுக்குப் போகும்போது பார்ப்போம்’ என்று தள்ளிவைக்காமல், உடனே எழுத்தில் முறையிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். வன்னியில் இந்தத் தள்ளிவைத்தல் ஏன் நடக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும், கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் தொழில் போகும், எரிபொருள் செலவாகும். ஆனால் இதே தூரம்தான் நமது உத்தரவாதங்களை அமைதியாகக் கொல்லுகிறது. குறித்த கிலோமீற்றரில் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சேர்விஸ் செய்யவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, நலமாக இருக்கும் கம்பனியே கோரிக்கையை மறுக்கலாம். நலிந்த கம்பனிக்கு அதைவிட வசதியான காரணம் வேண்டியதில்லை. எனவே சேர்விஸ் புத்தகத்தில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்கவிடாதீர்கள்.

அத்துடன் கையில் இருக்கவேண்டிய ஆவணங்கள்: விற்பனை விலைப்பட்டியல், உத்தரவாதப் பத்திரம், சேர்விஸ் புத்தகம், ஒவ்வொரு திருத்தத்தின் வேலைச்சீட்டு, பற்றுச்சீட்டு, வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி, அடிச்சட்ட (சேசிஸ்) இலக்கமும் இயந்திர இலக்கமும் தெளிவாகத் தெரியும் புகைப்படம். மூலப் பத்திரத்தை எவரிடமும் ஒப்படைக்கவேண்டாம், பிரதியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். குடும்பத்தின் உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரே இடப்பெயர்வில் இழந்த ஊர் இது. தாளின் பெறுமதியை நாம் எவரிடமும் கற்கவேண்டியதில்லை. தொலைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

நான்காம் படி: வீழ்ச்சி உறுதியான பின்னர்

தயாரிப்பாளர் வங்குரோத்தானார் என்ற செய்தி உறுதியானால், முதல் வாரத்திலேயே முகவருக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அடிச்சட்ட இலக்கம், வாங்கிய நாள், உத்தரவாதம் முடிவடையும் நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இந்த உத்தரவாதத்தைத் தொடர்ந்து நிறைவேற்றப்போவது யார் என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஏற்கனவே உள்ள குறை இருந்தால் அதைத் தனிப் பந்தியில் எழுதுங்கள்.

முகவர் இயங்கிக்கொண்டிருந்தும் மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருட்கள் குறித்த முறைப்பாட்டை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், மாவட்டச் செயலகத்தில் இயங்கும் அதன் அலுவலகத்துக்கும் செல்லலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் செய்யப்படவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல ஆண்டு உத்தரவாதத்தோடு வாகனம் வாங்கியவருக்கு இந்தக் காலக்கெடு மிகக் குறுகியது என்பதே என் கருத்து. ஆகவே புது வாகனத்தில் முதல் வாரங்களில் தெரியும் குறையை ஒருபோதும் பொறுத்திருந்து பார்க்கவேண்டாம்.

காலம் கடந்திருந்தால் உரிமை முழுவதும் அழிந்துவிடாது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்பட்ட பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை விற்றவர் மீது சுமத்துகிறது. இந்தக் கடப்பாடு வெளிநாட்டுக் கம்பனியின் நலத்தில் தங்கியிருக்கவில்லை. எழுத்திலான ஒப்பந்தத்தை மீறியதற்காக வழக்குத் தொடர 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு. தொகை சிறிதாயின் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லவேண்டியிருக்கும். இருதரப்பும் நேரில் இருந்து பேசுவதால், வழக்குக்குப் போகாமலேயே உதிரிப்பாகத்தை ஒருவரும் கூலியை மற்றவரும் ஏற்பதுபோன்ற இணக்கம் அங்கே ஏற்படலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

முகவரும் விழுந்துவிட்டால் நிலைமை கடினமாகும் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின்படி கலைப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டு, கம்பனியிடமிருந்து பணம் வரவேண்டியவர்கள் தமது கோரிக்கைகளை நிரூபிக்குமாறு அழைக்கப்படுவர். ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளும், கலைப்புச் செலவும், ஊழியர் சம்பளமும் சேமலாப நிதியும், வரிகளும் முன்னுரிமை பெறும். உத்தரவாதம் வைத்திருப்பவர், ஈடு எதுவும் இல்லாமல் பணம் வரவேண்டியவராக இறுதி வரிசையில் நிற்பார். அவ்வாறிருந்தும் கோரிக்கையைக் கொடுங்கள். ஏற்கனவே பணம் செலவழித்துத் திருத்தியிருந்தால் பற்றுச்சீட்டோடு அந்தத் தொகையை எழுதுங்கள். திருத்தாமல் இருந்தால் மதிப்பீட்டை இணையுங்கள். நீடித்த உத்தரவாதம் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அது இந்த வரிசைக்கு வெளியே நிற்கும் தனி ஒப்பந்தம். அங்கே நேரடியாகச் செல்லுங்கள்.

லீசிங்கில் எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

உத்தரவாதம் போய்விட்டது என்ற கோபத்தில் தவணையை நிறுத்துவது மிகவும் ஆபத்தான முடிவு. பெரும்பாலான லீசிங் ஒப்பந்தங்களில், வாகனம் ஓடினாலும் நின்றாலும் தவணை செலுத்தப்படவேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். தவணை தவறினால் வாகனமும் போகும், கடனும் மிஞ்சும். வன்னியில் உழவு இயந்திரத்துக்கும் பட்டா எனப்படும் சிறு லொறிக்கும் எடுத்த லீசிங்கால் நிம்மதி இழந்த குடும்பங்களை நான் நேரில் அறிவேன். நிறுத்துவதற்குப் பதிலாக, நிலைமையை விளக்கித் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். வாகனத்தின் முழு உரிமை லீசிங் கம்பனியிடமே இருப்பதால், அதன் பெறுமதி வீழ்வது அவர்களுக்கும் நட்டம். முகவரிடம் அவர்களையும் சேர்த்து அழுத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வாகனத்தைத் தொடர்ந்து ஓடவைத்தல்

உத்தரவாதத்தை இழந்தவருக்கு அடுத்த கவலை உதிரிப்பாகம். பெற்றோல், டீசல் வாகனமாயின் நம் கராஜ்காரர்களின் கைகளில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. தடைக்காலத்தில் இல்லாத பாகத்தைக் கடைந்து செய்தவர்கள் அவர்கள். பிரேக், கிளச், பெயாரிங், வடிகட்டி, பெல்ட் போன்ற பல பாகங்கள் வாகனக் கம்பனியால் அன்றி வேறு உற்பத்தியாளர்களால் செய்யப்படுபவை. பழைய பாகத்தில் பொறிக்கப்பட்டுள்ள இலக்கத்தைக் கொண்டு தேடினால் கம்பனி இல்லாத பின்னரும் கிடைக்கும். கிடைப்பதற்கு மிகக் கடினமானவை உடற்தகடுகள், விளக்குக் கூடுகள், முன்கண்ணாடி, இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை. அவற்றையே முதலில் தேடி வாங்கிவைக்கவேண்டும். அதே மாதிரி வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும்.

மின்சாரக் காரில் இந்த நம்பிக்கை குறுகிவிடுகிறது. பல கம்பனிகள் பற்றறிக்கு 8 ஆண்டுகள் அல்லது 160,000 கிலோமீற்றர் என்று உத்தரவாதம் தருகின்றன. வாகனத்தின் விலையில் பெரும் பங்கு அந்தப் பற்றறியே. அதைவிடக் கவலைக்குரியது மென்பொருள். கம்பனியின் கணினிகளோடு இணைந்தே சில வசதிகள் இயங்குகின்றன. கம்பனி அணைந்தால் தொலைபேசிச் செயலியும் மென்பொருள் மேம்படுத்தலும் நின்றுபோகலாம். எனவே செயலி இல்லாமலும் வாகனத்தைத் திறந்து, இயக்கி, மின்னேற்ற முடியுமா என்று வாங்கும் நாளிலேயே பரிசோதியுங்கள், சாவிகள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வீழ்ச்சிச் செய்தி வந்தால், சேவை நிலையம் திறந்திருக்கும்போதே கிடைக்கக்கூடிய கடைசி மென்பொருளை ஏற்றி, பற்றறியின் ஆரோக்கிய அறிக்கையை அச்சிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் குறைக்காக வாகனத்தைத் திரும்ப அழைப்பது உத்தரவாதத்திலிருந்து வேறானது. காற்றுப்பை தயாரித்த யப்பானின் தக்காட்டா 2017 ஜூனில் வங்குரோத்தானது, ஆனால் அதன் பழுதான காற்றுப்பைகளை மாற்றும் பொறுப்பு வாகனக் கம்பனிகளிடமே இருந்தது. யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார்கள் நம்மிடையே ஏராளம் இருப்பதால், உங்கள் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு அந்த இலச்சினைக்குரிய முகவரிடம் கட்டாயம் விசாரியுங்கள். உத்தரவாதம் முடிந்திருந்தாலும் இதைக் கேட்கலாம், உயிரோடு சம்பந்தப்பட்டது.

ஆறாம் படி: இனி வாங்கப்போகிறவர்களுக்கு

காட்சியறையில் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்: தயாரிப்பாளர் இல்லாமற்போனால் இந்த உத்தரவாதத்தை நீங்கள் ஏற்பீர்களா, உதிரிப்பாகக் களஞ்சியம் இலங்கையில் எங்கே உள்ளது, வடக்கில் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையம் எது? பதில் தயங்கினால், 8 ஆண்டு உத்தரவாதத்துக்காக நீங்கள் கொடுக்கும் மேலதிக விலைக்குப் பெறுமதி இல்லை என்று கொண்டு பேரம் பேசுங்கள். ஏற்கனவே விழுந்த கம்பனியின் வாகனத்தைப் பாவித்த நிலையில் மலிவாக வாங்க எண்ணுபவர், அதே மாதிரி வாகனத்தை ஓட்டும் இருவரையாவது கண்டு பேசிவிட்டு, முன்கண்ணாடி ஒன்றுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்கும் கொழும்பில் விலை கேட்டுப் பார்க்கட்டும். அவ்விரண்டுக்கும் எவரும் விலை சொல்லவில்லையென்றால், முற்பணம் கொடுக்காமல் திரும்பிவரட்டும்.